தலைகீழாக எழுதிய ஒன் தேர்ட்

எல்லை தாண்டி, மலையாளம் பேசும் ஆரியசாலையில் ஒரு மண்டியில் வேலை கிடைத்து நாங்கள் தென்காசியிலிருந்து வந்த வருடம் அது. மகளை இங்கிலீஷ் மீடியத்தில் ஐந்தாம் வகுப்பில் சேர்த்திருந்தேன். பின்னக் கணக்குத் தேர்வில் எல்லாம் தப்பு. நாலாம் வகுப்புக்கு இறக்கப்போவதாகச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள்.

கணக்கு டீச்சர் நல்ல உயரம். பேசும்போது குனிந்து, பிள்ளையின் முகத்துக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுவருவார். அன்றும் என் மகள் முன் குனிந்தார்.

"ஒன் தேர்டுக்கு மூணை மேலே எழுதியிருக்கியே. இதைத் தமிழ்ல எப்படிப் பறையும் மோளே?"

"மூணுல ஒண்ணு, டீச்சர். மூணுதானே முதல்ல வருது."

டீச்சர் விடைத்தாளை எடுத்து ஒவ்வொரு விடையாகப் பார்த்தார். எல்லாமே தலைகீழாக இருந்தன. திருப்பிப் போட்டால் எல்லாமே சரி.

"நாங்களும் மலையாளத்தில 'மூணிலொண்ணு'ன்னுதான் பறையும். இங்கிலீஷ்லதான் ஒண்ணு முதல்ல வரும். இது தெரியாம எத்தனை பிள்ளைங்களுக்குத் தப்பு போட்டேனோ" என்று அவளிடமே சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். "இவ அஞ்சிலேயே இரிக்கட்டும், சாரே."

சொல்லும்போது அவர் முகம் மலர்ந்திருந்தது. தன் தவறை அவ்வளவு சந்தோஷமாகக் கண்டுகொண்ட ஒருவரை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.