இரும்புக் காப்பும் மணல் வாளியும்

துருப்பிடித்த தொல்பொருள்களைப் பிளாஸ்மாவால் காப்பாற்றலாம் என்று நான் சொன்னபோது கல்லூரியில் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று கண்ணாடிக் குழாய், பம்பு, ஹைட்ரஜன் சிலிண்டர் எல்லாம் சேர்த்து ஆய்வகத்தில் நிறுத்திவிட்டேன். அகழாய்வுக்காரர்கள் சோதனைக்கென்று ஒரே ஒரு பொருள் தந்தார்கள். முதுமக்கள் தாழியில் கிடைத்த, குழந்தையின் இரும்புக் காப்பு. துருவும் மண்ணும் ஏறித் தீய்ந்த முறுக்கு மாதிரி இருந்தது. இது கெட்டால் அடுத்த பொருளைக் கண்ணில்கூடக் காட்ட மாட்டார்கள்.

ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கு நாரணாபுரம். முன்பு பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைத்தவர். அங்கே வாசலில் இருக்கும் எர்த் தகட்டைத் தொட்டு, உடம்பில் ஏறிய மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எங்களிடம் தகடு கிடையாது. ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டு வருவார்.

குழாயில் காற்றை உறிஞ்சி, துளி ஹைட்ரஜன் விட்டு, மின்சாரம் கொடுத்தேன். காப்பைச் சுற்றிப் பிளாஸ்மா ரோஸ் நிற வெளிச்சமாகப் பூத்தது. வாய் திறந்து மகிழ்வதற்குள் எல்லாம் அணைந்தது. மெயினை இறக்கிவிட்டு, மணல் வாளியோடு நின்றார் அக்கா.

"ஆத்தி! வெளிய ஓடியாங்க டீச்சர்!"

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! "என்னக்கா இப்படிப் பண்ணிட்டீக?" என்று கத்தியேவிட்டேன். பம்பு திடீரென்று நின்றால் அதன் எண்ணெய் குழாய்க்குள் ஏறிவிடும். குழாயைத் திறந்து பார்த்தேன். நல்லவேளை, காப்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

"கேஸு, கரண்டு, கலரு. மூணும் ஒண்ணாக் கெடந்தா எங்களுக்கு வேற என்ன தோணும்?"

நியாயம்தானே. கோபம் இறங்கிவிட்டது. "தீ இல்லக்கா, டியூப்லைட் மாதிரிதான். இந்த வெளிச்சம் பட்டா துரு இளகிரும்."

"அத மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

மறுநாள் அவரைப் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டு ஆரம்பித்தேன். சாயங்காலம் வரை வெளிச்சம் நின்றது. அக்கா வாளியை மட்டும் கீழே வைக்கவே இல்லை.

பிறகு காப்பை எடுத்துத் தூரிகையால் மெல்லத் தட்டினேன். துரு பொடிப்பொடியாக உதிர, அடியில் கயிறு திரித்ததுபோல ஒரு வேலைப்பாடு தெரிந்தது. சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

அக்கா எட்டிப் பார்த்தார்.

"பிள்ளை பயந்துறாம இருக்கப் போடுறதுல்ல இது? எம் பேத்தி கையிலயும் கெடக்கு."

அப்போதுதான் வாளியைக் கீழே வைத்தார்.

"நேத்து எனக்குல்ல மாட்டிவிட்டிருக்கணும் டீச்சர்!"