டெரிலீன் பாயும் தோல் பெல்ட்டும்

"அரசுப் பொருளில் ஆணியோ திருகோ துளையோ போடுவதற்கு முன் எழுத்துமூலம் அனுமதி பெற வேண்டும்." எங்கள் துறையின் விதி இது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். போன வாரம் ஜாலான் புசாரில் ஓர் இரும்புக் கடைக்குத் திரைச்சீலை வளையம் வாங்கப் போனேன். கடைக்காரர் புதுத் தார்ப்பாய் ஒன்றைப் படபடவென்று உதறினார். வளையம் மறந்துபோயிற்று. அறுபதுகளின் தொடக்கத்துக்கு, காலாங் கடற்கரைக்குப் போய்விட்டேன்.

அங்கே எங்கள் துறையின் விளையாட்டுக் கழகத்துக்கு ஒரு பழைய பாய்மரப் படகு இருந்தது. வெள்ளைக்காரர்கள் விட்டுப்போனவற்றில் அது ஒன்று; கோப்பு முறை இன்னொன்று. நான் கிராணி, அதாவது எழுத்தர் வேலை பார்த்தேன், அதற்கும் காக்கி உடுப்பு உண்டு. படகில் எனக்குக் கூட்டு, பண்டகசாலை அந்தோணி. ஞாயிறு பூசை முடிந்ததும் நேராகப் படகுக்கு வந்துவிடுவார். நான் சிராங்கூன் சாலையில் தோசையை முடித்துக்கொண்டு போவேன். வேறு யாரும் அந்தப் படகைச் சீண்டுவதில்லை. "வர்ற சனிக்கிழமை போட்டியில ஓடலைன்னா படகக் கழிச்சுக் கட்டிடுவேன்" என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். சொன்னதைச் செய்யும் மனிதர், துரதிர்ஷ்டவசமாக.

பழைய பருத்திப் பாய் கிழிந்து போனதால் புதிதாக டெரிலீன் என்ற செயற்கை இழைப் பாய் வந்திருந்தது. எங்கள் இருவரிடமும் டெரிலீன் சட்டை கிடையாது, படகு முந்திக்கொண்டது. பழைய பாயின் அடியோரம் முழுவதையும் பூம் என்கிற அடிக்கட்டையின் பள்ளத்தில் செருகுவோம். புதுப் பாய்க்கு முன்மூலையில் ஒரு பிடி, பின்மூலையில் ஒரு பிடி, அவ்வளவுதான். நடுவில் அடியோரம் கட்டையைத் தொடாமல் சும்மா நிற்கும். பின்மூலை எழும்பாமலிருக்கக் கட்டையில் இரும்புப் பட்டை ஒன்றைத் திருக வேண்டும் என்றது கூட வந்த தாள்.

திருகு! உடனே அனுமதி கேட்டு மூன்று பிரதிகளில் எழுதி அனுப்பினேன். அந்தோணி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏன்யா கேட்டீங்க? கேக்காம அடிச்சிருந்தா யாருக்குத் தெரியும்? இப்ப பதில் வர்ற வரைக்கும் தொட முடியாது லா!"

அவர் சொன்னது சரி. கேட்காதவனுக்கு விதி மட்டும்தான். கேட்டவனுக்குக் காத்திருப்பும் சேர்ந்துவிடும்.

சனிக்கிழமை வந்தது, பதில் வரவில்லை. அரைநாள் வேலை முடிந்து உடுப்போடே ஓடினோம். பின்மூலையைக் கயிற்றால் பின்னுக்கு இழுத்துக் கட்டினோம். காற்று வந்ததும் மூலை கட்டையைவிட்டு ஒரு முழம் எழும்பியது. கட்டையோடு சேர்த்துக் கயிறு சுற்றினால், அது மரத்தைக் கடித்துக்கொண்டு, பாயைப் பின்னால் இழுக்க விடாமல், நகர மறுத்தது. மற்றப் படகுகள் புறப்படும் கோட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன.

அந்தோணி என் இடுப்பைப் பார்த்தார். "கிராணியாரே, பெல்ட்டக் கழட்டுங்க."

"இது அரசுப் பொருள்யா."

"கட்டையும் அரசுப் பொருள்தான். ரெண்டும் சொந்தக்காரங்க. ஆணி இல்ல, திருகு இல்ல, துளை இல்ல. கழட்டுங்க!"

விதியை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தேன். பெல்ட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. பாயின் மூலை வளையத்தில் நுழைத்து, கட்டையைச் சுற்றி மாட்டினேன். அந்தோணி தன் தலைமுடியில் இருந்த தேங்காயெண்ணெயைக் கையால் வழித்து, தோலின் உட்புறம் பூசினார். கயிற்றை இழுத்தேன். பெல்ட் வழுக்கியது; மூலை கட்டையோடு ஒட்டிக்கொண்டே பின்னால் போனது. பாய் வயிறு வைத்தது. படகு பாய்ந்தது, ஐயா, பாய்ந்தது! அந்தக் கிழட்டுப் படகுக்குள் இத்தனை ஓட்டம் எங்கே ஒளிந்திருந்ததோ.

"வெளிய சாயுங்க! கவுந்துடப் போவுது!"

"சாஞ்சா பேண்ட் இறங்கிடும்!"

"இறங்கட்டும் லா! கடல்ல யாரு பாக்குறா?"

கரையில் மேலதிகாரி தொலைநோக்கியோடு நின்றார். சாய்ந்தேன். இறங்கியது. மூன்றாவதாக வந்தோம்.

"படகு இருக்கட்டும்" என்றார் மேலதிகாரி, என்னைப் பார்க்காமல்.

அதற்கப்புறம் சில ஆண்டுகள் அந்தப் படகு ஓடியது, பெல்ட்டோடுதான். ஓய்வுபெற்ற அன்று உடுப்பைத் திருப்பிக் கொடுத்தபோது, பெல்ட் தொலைந்துவிட்டதாக எழுதினேன். என் ஊழியத்தில் நான் எழுதிய ஒரே பொய். பெல்ட் என் அலமாரியில் இருக்கிறது. அந்தோணி தெம்பனிஸில் புது வீட்டுக்குக் குடிபோனார், பிறகு அங்கிருந்தும், திரும்பி வராத இடத்துக்கு, போய்விட்டார். நாங்கள் படகைத் தள்ளி இறக்கிய கரை, கடலைத் தூர்த்த மண்ணுக்கடியில் கிடக்கிறது. அதன்மேல் கார் ஓடுகிறது.

பதிலா? வந்தது. திருகு போட்டுக்கொள்ளலாம் என்று, மூன்று பிரதிகளில். படகை உடைத்து விறகாக்கியதற்கு மறு ஆண்டு, தைப்பூசத்துக்கு மறுநாள்.