இரண்டு பழுப்பு அந்துப்பூச்சிகள்

நாங்கள் வீடு கட்டிக் குடிவந்த மனை, திருச்செந்தூர் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. பின்பக்கம் முள் அடர்ந்த உடைமரங்கள் நிற்கும் தரிசு. அதைத் தாண்டினால் உப்பளம். அக்கம்பக்கத்தில் வீடுகள் அதிகம் வராததால் வாசல் விளக்கை இரவு முழுக்க எரியவிடுவோம். விடிந்ததும் அதை அணைக்கப் போகும்போதுதான் சுவரைக் கவனித்தேன். வெள்ளையடித்த சுவரில் பத்துப் பதினைந்து அந்துப்பூச்சிகள், யாரோ காய்ந்த இலைகளைப் பொறுக்கி ஒட்டிவைத்ததுபோல அசையாமல் இருந்தன.

துறைமுகத்துக்கு வரும் சரக்குகளுக்குச் சுங்க ஆவணம் தயாரிக்கும் ஒரு சின்ன அலுவலகத்தில் நான் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க எண்களையும் எழுத்துகளையும் சரிபார்க்கிற வேலை. ஓர் எண் மாறினால் சரக்குப் பெட்டி துறைமுகத்தை விட்டு வெளியே வராது. அந்தப் பழக்கமோ என்னவோ, ஒரு பூச்சியைப் பார்த்ததும் இது நேற்று வந்ததா, வேறா என்று மனம் கேட்க ஆரம்பித்தது. கைப்பேசியில் படம் எடுத்தேன். பூச்சிகளை அடையாளம் காண்பவர்களின் இணையக் குழு ஒன்றில் போட்டேன். அங்கே கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பேராசிரியை ஒருவர் பொறுமையாகப் பதில் சொல்வார். நான் தப்பாகச் சொன்னால், "மறுபடி பாருங்கள்" என்று மட்டும் எழுதுவார்.

என் கணவருக்கு இதில் பெரிய ஈடுபாடு இருக்கவில்லை. கண்டெய்னர் யார்டு ஒன்றின் வாசலில், வந்துபோகும் பெட்டிகளின் எண்ணையும் பூட்டு முத்திரையையும் சரிபார்க்கிறவர். "நீயும் நானும் ஒரே வேலதாம் பாக்கோம். உன் பெட்டிக்கு மட்டும் றெக்க இருக்கு" என்பார். காலையில் எனக்குக் காபியைச் சுவருக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேதக்கோயிலில் ஆராதனை முடிந்து நாங்களும் பத்து வயது மகளும் கடற்கரைக்குப் போனோம். மணலும் புல்லும் சேரும் இடத்தில் தேள்கொடுக்குச் செடிகள் பூத்துக் கிடந்தன. அதில் பகலிலேயே பறக்கிற சின்ன அந்துப்பூச்சி ஒன்று உட்கார்ந்திருந்தது. வெள்ளைச் சிறகு. அதில் வரிசை வரிசையாகச் சிவப்பும் கறுப்பும் புள்ளிகள். குங்குமத்தையும் மையையும் தொட்டுத் தொட்டு வைத்தாற்போல அத்தனை அழகு.

"ஏங்க, இங்க வந்து பாருங்க. எவ்வளவு சிவப்பு!"

அவர் குனிந்து பார்த்தார். "சிவப்பு எங்கன இருக்கு?"

"வெளையாடாதீங்க."

"இல்லளா, கறுப்புப் புள்ளிதான தெரியுது. எல்லாம் கறுப்புத்தான்."

மகள் முழங்காலிட்டு, தொடாமல் விரலால் காட்டினாள். "அப்பா, இந்தா இது சிவப்பு, இது சிவப்பு, இது கறுப்பு. தெரியலையா?"

அவர் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு, "ஆமா ஆமா, இருக்கு" என்றார். கால் கழுவ வேண்டும் என்று சொல்லி அலைப்பக்கம் நடந்தார். காலில் ஒட்டியிருந்தது காய்ந்த மணல்தான். தட்டிவிட்டாலே போயிருக்கும். எனக்கு அப்போதுதான் உறைத்தது: அவர் விளையாடவில்லை. மகளுக்காகப் பொய் சொல்லிவிட்டுப் போகிறார்.

அன்று முழுக்கப் பழையதெல்லாம் ஒவ்வொன்றாக மேலே வந்தது. சந்தையிலிருந்து காய்த் தக்காளியும் பழத் தக்காளியும் கலந்து வாங்கிவருவார். பள்ளி ரிப்பன் பச்சையில் வாங்கச் சொன்னால் அரக்கில் வாங்கிவருவார். திருமணமான இரண்டாம் வருடம், இலைப்பச்சையில் ஒரு சேலை வேண்டும் என்று கேட்டிருந்தேன். ஆசையாகத் தனியே போய் வாங்கிவந்தார். பிரித்தால் காய்ந்த சருகு நிறம். என் தங்கைகள் இருவரும் பக்கத்தில் இருந்தார்கள். "இவருக்குப் பச்சைன்னா இதுதான் போல" என்று நான் சொல்ல, மூவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு இன்றுவரை எனக்குத் துணி எடுக்க அவர் தனியாகப் போனதில்லை. அது ஏன் என்று நான் ஒருநாளும் யோசித்ததும் இல்லை.

மறுநாள் சாயங்காலம் சமையலறையில் நேராகவே கேட்டேன். "உங்களுக்குச் சிவப்பும் பச்சையும் வித்தியாசம் தெரியாதா?"

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். "இப்ப எதுக்கு அது?"

"சொல்லுங்க."

"தெரியாது" என்றார். பிறகு நான் கேட்காமலேயே மீதியையும் சொன்னார். ஐடிஐ முடித்த பிறகு கிரேன் ஓட்டும் வேலைக்குத் தேர்வாகியிருக்கிறார். கடைசியாக உடல் பரிசோதனை. ஒரு புத்தகத்தைக் காட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் வட்டம் நிறையப் பல நிறப் புள்ளிகள், அவற்றுக்குள் ஓர் எண் ஒளிந்திருக்கும்.

"எனக்கு முன்னால நின்ன பயலுவ எல்லாம் டக்கு டக்குன்னு நம்பர் சொல்லுதானுவ. எனக்குப் புள்ளி மட்டுந்தாம் தெரியுது. ஒரு பக்கத்துலயாவது தெரியாதான்னு பாத்தேன். இல்ல."

"வீட்டுல என்ன சொன்னீங்க?"

"உசரத்துல ஏறுனா தல சுத்துதுன்னு சொல்லிட்டேன். பயந்தாங்கொள்ளின்னு எல்லாரும் சிரிச்சாங்க. அண்ணன் ரொம்ப நாள் அத வச்சே ஓட்டுனான்."

"அதுக்கு உண்மையச் சொல்லியிருக்கலாமே?"

"பயந்தாங்கொள்ளிக்குப் பொண்ணு கெடைக்கும்ளா. கண்ணுல கோளாறுன்னா யாரு தருவா?"

இதைச் சொல்லிவிட்டு மறுபடியும் வெங்காயத்தை எடுத்தார். எனக்குக் கோபம் வந்தது. பன்னிரண்டு வருடம் கூட வாழ்ந்தவளிடமும் சொல்லவில்லையே என்ற கோபம். இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் பீரோவில் வேறெதையோ தேடும்போது அந்தச் சருகு நிறச் சேலை கைக்கு வந்தது. மடிப்புக் கலையாமல் இருந்தது. அதை உடுத்திக்கொண்டு அலுவலகம் போனேன். போகும்போது அவர் பார்த்தார். சாயங்காலம் இரண்டுபேரும் பழையபடி பேசிக்கொண்டோம்.

அதற்கப்புறம் நான் வேறொரு தப்பு செய்தேன். எதைக் காட்டினாலும் நிறத்தைச் சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தேன். "அந்தப் பச்சை டப்பாவ எடுங்க, பச்சைன்னா இடப்பக்கம் இருக்கது." ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "எனக்குக் கண்ணு நல்லாத்தாம் இருக்கு. ஆஸ்பத்திரில கெடக்கவன்ட்ட பேசுத மாதிரிப் பேசாத" என்றார். நிறுத்திக்கொண்டேன்.

ஐப்பசி மழை பெய்து தரிசு முழுக்கப் புல் எழுந்தது. புல்லில் கால் வைத்தால் பழுப்பு நிற அந்துப்பூச்சிகள் குபுக்கென்று கிளம்பி, பத்தடி தள்ளி மறுபடி புல்லுக்குள் போய் மறைந்தன. காலையில் சுவரிலும் அவைதான் அதிகம். அகன்ற முக்கோணமாக உட்காரும். செம்மண் பழுப்பில் சில, சாம்பல் கலந்த பழுப்பில் சில. அதனால் இரண்டு வகை என்று முடிவுகட்டினேன். பதினெட்டுப் படங்களை இரண்டாகப் பிரித்துக் குழுவில் போட்டேன்.

பேராசிரியையின் பதில் அன்றே வந்தது. "இரண்டு வகை என்பது சரி. பிரித்ததுதான் தவறு. நிறத்தை விட்டுவிடுங்கள், ஒரே வகையிலேயே நிறம் பலவிதமாக இருக்கும். சிறகின் குறுக்கே ஓடும் கோட்டைப் பாருங்கள். மறுபடி பாருங்கள்."

மறுபடி பார்த்தேன். மூன்று நாள் பார்த்தேன். எல்லாவற்றிலும் கோடு இருந்தது, எல்லாம் ஒரே கோடாகவே தெரிந்தது. செம்மண் நிறம் கண்ணில் பட்டதும் மனம் அதைத் தன் பழைய கூட்டத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். விடவே முடியவில்லை. அலுப்பில் கைப்பேசியை மேசையில் வைத்துவிட்டுத் தோசை ஊற்றப் போனேன்.

திரும்பி வந்தபோது என் கணவர் அதைக் கையில் வைத்துத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல என்னளா சந்தேகம்? இது வேற, இது வேற."

"எது?"

"இந்தக் கோடு ஸ்கேல் வச்சுப் போட்ட மாதிரி நேரா போவுது. இது போவும்போதே ஒரு வளைவு வளையுதுல்லா? அந்த வளைவுக்குக் கீழ கறுப்பா ஒரு சின்னப் புள்ளியும் இருக்கு."

நான் உட்கார்ந்தேன். தோசைக்கல்லை மறந்துபோனேன். அவர் ஒவ்வொரு படமாகச் சொல்லச் சொல்ல நான் குறித்தேன். நேர்கோடு பதினொன்று, வளைகோடு ஏழு. என் செம்மண் கூட்டமும் சாம்பல் கூட்டமும் கலைந்து வேறு விதமாகச் சேர்ந்தன. அவருக்கு அவை எல்லாம் ஏறக்குறைய ஒரே நிறம். அதனால்தான் கோடு முதலில் தெரிந்திருக்கிறது. குழுவில் அனுப்பினேன். "பதினெட்டும் சரி. எப்படிப் பிடித்தீர்கள்?" என்று பேராசிரியை கேட்டிருந்தார். என் கணவரிடம் கைப்பேசியைக் கொடுத்து, "நீங்களே சொல்லுங்க" என்றேன். நெடுநேரம் யோசித்து, ஒரு விரலால் தட்டி, "பார்த்தேன்" என்று ஒரு சொல் அனுப்பினார்.

தோசை கரிந்த வாசம் வந்தது. இரண்டு பேரும் ஓடினோம்.

அடுத்த ஞாயிறு என்னோடு தரிசுக்கு வந்தார். உடைமரங்களில் நான் பார்க்காமல் கடந்துபோன இடத்திலெல்லாம் அவர் நின்றார். "இங்கன ஒண்ணு. அங்கன ஒண்ணு." பட்டையோடு பட்டையாக ஒட்டி இருந்தவை எனக்கு அவர் விரல் வைத்துக் காட்டிய பிறகும் உடனே தெரியவில்லை. மரத்துக்கு நான்கு பூச்சியாவது கண்டுபிடித்தார். இவ்வளவு நாள் இந்த மரங்களில் ஒன்றுமே இல்லை என்று குறிப்பேட்டில் எழுதிவந்திருந்தேன். தனக்குச் சிவப்பு தெரியாததை மகளுக்கும் அன்றுதான் அவர் சொன்னார். அவள் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "அப்ப என் சிவப்புக் கவுன் உங்களுக்கு எப்படிப்பா இருக்கும்?" அவர் யோசித்து, "நல்லாத்தாம் இருக்கும், நீ போட்டிருக்கேல்லா" என்றார்.

கிறிஸ்துமஸுக்குச் சாத்தான்குளத்திலிருந்து அவருடைய அண்ணன், எனக்கு அத்தான், குடும்பத்தோடு வந்தார். இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். சாப்பாடு முடிந்து எல்லாரும் முற்றத்தில் இருந்தபோது, வழக்கம்போல ஆரம்பித்தார்: "ஏலே, மொட்டைமாடிக்கு ஏறுவியா இப்பமாவது? தல சுத்துமா?"

என் கணவர் என்னைப் பார்த்தார். பிறகு அவரிடம், "அண்ணே, அது உசரம் இல்லண்ணே. எனக்குச் சிவப்பு பச்ச தெரியாது. அதுலதான் கழிச்சு விட்டாங்க" என்றார்.

அத்தான் சிரிக்கவில்லை. பல்குத்தும் குச்சியை வாயிலிருந்து எடுத்தார். மனைவியையும் பிள்ளைகளையும் ஒருதரம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"எனக்கும் தெரியாதுல."

அத்தானே தொடர்ந்தார்: "அப்பாவோட ஜவுளிக் கடையில இருக்க மாட்டேன்னு நான் சண்ட போட்டது எதுக்குன்னு நெனச்ச? ஒரு கல்யாணப் பார்ட்டிக்கு மாத்தி மாத்தி எடுத்துப் போட்டேன். அப்பா எல்லார் முன்னாலயும் ஏசிட்டாரு. இரும்புன்னா நெறம் பாக்க வேண்டாம்லா."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமேண்ணே" என்றார் என் கணவர்.

"நீ சொன்னியாக்கும்?"

அக்காள், அத்தானின் மனைவி, "அட பாவிகளா" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. அண்ணன் தம்பி இருவரும் ஒரே வீட்டில், ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள். ஒருவன் மற்றவனைப் பயந்தாங்கொள்ளி என்று இருபது வருடம் கேலி செய்திருக்கிறான். அந்தக் கேலிக்குப் பின்னால் தன் கண்ணின் குறையையும் மறைத்துக்கொண்டிருந்ததை அத்தான் அன்று சொல்லாமலே சொல்லிவிட்டார். தம்பியின் தோளில் கையைப் போட்டுக்கொண்டார்.

வெயில் தாழ்ந்ததும் என் கணவர் அவரைத் தரிசுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நானும் மகளும் பின்னால் போனோம். ஐந்தாறு உடைமரங்களைச் சுற்றி இரண்டு பெரிய ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மூக்கு பட்டையில் உரசக் குனிந்து தேடிக்கொண்டிருந்தார்கள்.

"ஏலே, இந்தா ஒண்ணு."

"அது இப்பம் சொன்னதுதாம்ணே. அதுக்கு மேல பாரு, இன்னொண்ணு."

நான் குறிப்பேட்டைத் திறந்து எழுத ஆரம்பித்தேன். அவர்கள் சொல்கிற வேகத்துக்கு என் கை ஓடவில்லை.