ஜெர்மன்காரர்களின் முதல் பாடகர்

ஜெர்மனியில் ஒரு ராக் குழு எப்படித் தொடங்கியது, எப்படி மேலே வந்தது என்ற கதையை நான் ஒருவருக்கு இரண்டு இடத்தில் மாற்றிச் சொன்னேன். நான் செய்தது அவ்வளவுதான். யாரையும் அடிக்கவில்லை, யாருடைய சொத்தையும் பிடுங்கவில்லை. ஆனாலும் எங்கள் ஊரான விருத்தாசலம் ஜங்ஷனில் ரயில் மாறக் காத்திருக்கும்போதெல்லாம் சூளைகள் இருக்கும் பக்கம் முதுகைக் காட்டித்தான் உட்காருகிறேன்.

அந்தக் குழுவின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அன்றைக்கே எங்களில் ஒருவருக்கும் அதைச் சரியாகச் சொல்ல வராது. ‘ஜெர்மன்காரங்க’ என்போம், அதோடு சரி.

எங்கள் மாதா கோயில் பங்கில் கொஞ்ச காலம் இருந்த உதவிப் பங்குத்தந்தை ஜெர்மனியில் படித்துவிட்டு வந்தவர். மாற்றலாகிப் போகும்போது கோயில் பாடகர் குழுவுக்கென்று ஒரு அட்டைப்பெட்டி நிறைய சிடிக்களை விட்டுப் போனார். பெரும்பாலும் ஆர்கன் இசை. அதற்கு நடுவில் இந்த ராக் சிடி எப்படி வந்தது என்று கேட்க அவர் ஊரில் இல்லை. சாமியாருக்கும் ஒரு இளமை இருந்திருக்கும். அட்டையில் நான்கு பேர் ஒரு தொழிற்சாலை வாசலில் முறைத்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் உயரமான செங்கல் புகைபோக்கி.

பாட்டைவிட அந்தப் புகைபோக்கிதான் எங்களைப் பிடித்துக்கொண்டது. எங்கள் ஊரிலும் அது போலப் பத்துப் பதினைந்து நின்றன. அதைப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளலாம் என்று அதுவரை எவனுக்கும் தோன்றியதில்லை.

நாங்கள் மூன்று பேர். நான் பீங்கான் டிப்ளமா படித்துக்கொண்டிருந்தேன். கோயிலில் கிதார் வாசிப்பேன். டிரம்ஸ் வாசித்தவன் என் வகுப்புக்காரன், எங்கள் மாவட்டத்திலேயே இருக்கும் மங்களூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம், விடுதியில் தங்கியிருந்தான். பாடியவர் எங்களைவிட நான்கு வயது மூத்தவர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம், இங்கேயும் அப்படியே சொல்கிறேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தி, மின்சார ஃபியூஸ் கட்டைகள் செய்யும் ஒரு சின்ன யூனிட்டில் சேர்ந்தவர். வெள்ளைக்கல்லை அரைத்து வந்த மாவைச் சலித்துக் களிமண்ணோடு கலப்பது அவர் வேலை. சாயந்திரம் அவர் வெளியே வரும்போது புருவம்கூட வெளுத்திருக்கும். எங்கள் டிரம்ஸ்காரன், “இன்னாணா, கல்யாணத்துக்கு மேக்கப்பா?” என்பான். பெரிய வெள்ளியன்று அண்ணன் தனியாக எடுக்கும் பாட்டின் முதல் அடிக்கு மைக் வேண்டாம். கோயிலுக்கு வெளியே செருப்பு விடும் இடத்தில் நிற்பவர்களும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். எனக்குப் பாடத் தெரியாது. அந்தக் குரல் எங்களுடையது என்பதில் எனக்கு இருந்த கர்வம், அது என்னுடையதாகவே இருந்திருந்தால்கூட வந்திருக்காது.

ஜெர்மன்காரர்கள் யார் என்று தெரிந்தே ஆகவேண்டும் என்று அண்ணன் நச்சரித்தார். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தேடினேன். அவர்கள் ஆரம்ப வரலாறு ஆங்கிலத்தில் ஏழு பக்கம் கிடைத்தது. பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வரிவரியாகத் தமிழில் சொன்னேன். சின்னத் தொழில் நகரம். மூடிக்கிடந்த ஒரு கிடங்கில் ஒத்திகை. முதல் கச்சேரிக்கு வந்தவர்களில் பாதிப் பேர் நடுவிலேயே எழுந்து போனார்கள். அண்ணன் டீயை ஆறவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மூன்றாம் பக்கத்தில் ஒரு பழைய போட்டோ இருந்தது. அதில் மைக் முன்னால் நின்றவர் சிடி அட்டையில் இல்லை. அண்ணன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“மொதல்ல பாடினவரு யாருடா இவரு? அட்டையில காணமே?”

அவரைப் பற்றி அங்கே ஒரே ஒரு வரி இருந்தது. குழுவைத் தொடங்கியவர் அவர்தான். முதல் சிடி வருவதற்கு ஓராண்டு முன்னால் மற்றவர்கள் அவரை விலக்கிவிட்டு வேறு பாடகரைச் சேர்த்துக்கொண்டார்கள். அதன் பிறகுதான் பெயரும் புகழும்.

“அவருதாண்ணா இப்ப டிரம்ஸு. தாடி வச்சிட்டதால அடையாளம் தெரியல” என்றேன்.

அண்ணன் சிரித்தார். “அதான பாத்தேன்.” போட்டோவில் இருந்தவரைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு ஏழு பக்கத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டார். படிக்கத் தெரியாத காகிதத்தைப் பிளாஸ்டிக் ஃபைலில் போட்டு வைத்துக்கொண்டார்.

முதல் பொய் இது. இதற்காக நான் பெரிதாக வருந்தியதில்லை. இரண்டாவதுதான் என் தூக்கத்தைக் கெடுப்பது.

ஒத்திகைக்கு எங்களுக்கும் இடம் வேண்டியிருந்தது. அண்ணன் தன் முதலாளியிடம் கேட்டு, காலிச் சூளையில் வாசிக்க அனுமதி வாங்கினார். சூளை என்றால் நடுவில் வளைவுக் கூரையோடு ஒரு செங்கல் அறை, பத்துப் பேர் நிற்கலாம். சரக்கு அடுக்கி, வாசலைச் செங்கல் வைத்து மண் பூசி அடைத்து, கற்பூரம் காட்டித் தீ வைப்பார்கள். எரிந்து முடிந்து மூன்று நாள் ஆறவிட்டுப் பிரிப்பார்கள். பிரித்ததற்கும் அடுத்த சரக்கு அடுக்குவதற்கும் நடுவில் ஒரு ஞாயிறு வரும். பூசை முடிந்ததும் நேராக அங்கே போவோம். உள்ளே ஒருவர் பாடினால் நான்கு பேர் பாடுவது போலக் கேட்கும். ஜெர்மன்காரர்களுக்கு இந்த மாதிரி இடம் வாய்த்திருக்காது என்று பெருமையடித்துக்கொள்வோம்.

சுவரில் சூடு மிச்சம் இருக்கும். டிரம்ஸ் அடி விழ விழக் கூரையிலிருந்து வெள்ளையாகத் தூள் உதிரும். எங்கள் ஊர்ச் சூளைக்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. நெஞ்சில் சளி கட்டினால் ஆறிக்கொண்டிருக்கும் சூளைக்குள் கொஞ்ச நேரம் உட்கார்ந்து வந்தால் கரைந்துவிடும் என்பார்கள். அண்ணனுக்கு அப்போதே இருமல் இருந்தது. நாங்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய்ச் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்து, நன்றாக மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருப்பார். “தொண்டை தொறக்குதுடா” என்பார். மாவு ரூமில் முகத்தில் கட்டும் துண்டை இங்கே அவிழ்த்துவிடுவார். பீங்கானையே பாடமாகப் படித்துக்கொண்டிருந்த நான், கல் தூசி நுரையீரலை என்ன செய்யும் என்று பரீட்சையில் எழுதித் தேறிய நான், “இன்னும் கொஞ்ச நேரம் உக்காருண்ணா, மேல் ஸ்தாயி நல்லா வருது” என்றேன்.

அந்த வருடமே பங்குத்தந்தை அவருக்குப் பாண்டிச்சேரியில் ஒரு வேலை பார்த்துக் கொடுத்தார். ஒரு பள்ளிக்கூடத்தில் அலுவலக உதவியாளர். சம்பளம் இங்கே வாங்கியதுதான். ஆனால் தூசி கிடையாது, தங்க இடம் உண்டு, மாலையில் கோயிலில் முறைப்படி பாட்டும் கற்றுக்கொள்ளலாம். அவருடைய அம்மா நல்ல சேதி வந்ததென்று குகை போலக் கட்டிய மாதா கெபியில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டார். அண்ணனுக்குத்தான் மனம் ரெண்டுபட்டது. டீக்கடையில் என்னிடம் கேட்டார்.

“ஜெர்மன்காரங்க இன்னாடா பண்ணாங்க? வேலைய உட்டுட்டாங்களா, இல்ல ஃபேக்டரியிலயே இருந்துதான் மேல வந்தாங்களா?”

நான்காம் பக்கத்தில் அது தெளிவாக இருந்தது. ஒவ்வொருவராக வேலையை விட்டார்கள். ஊரையும் விட்டுப் பெரிய நகரத்துக்குப் போனார்கள். போன பிறகுதான் அவர்களுக்கு வாழ்வு வந்தது.

“யாரும் உடலண்ணா. அந்த ஊருலயே, அந்த ஃபேக்டரியிலயே இருந்தாங்க. சனங்கதான் அவங்களத் தேடி வந்துச்சி. அதனாலதான் அட்டையில ஃபேக்டரி படமே போட்டிருக்காங்க.”

அவர் தலையாட்டிக்கொண்டார். என் அப்பா பள்ளிக்கூட வாத்தியார்; வாத்தியார் வீட்டுப் பிள்ளை பொய் சொல்ல மாட்டான் என்று அவருக்கு ஒரு எண்ணம். அடுத்த ஞாயிறு பங்குத்தந்தையிடம் போய், அம்மாவையும் பள்ளிக்கூடம் போகும் தங்கையையும் தனியாக விட்டுப் போக முடியாது என்று சொல்லிவிட்டு வந்தார். அந்த அம்மாவோ அவர் போகவில்லையே என்று ஒரு வாரம் அவரிடம் பேசவில்லை. நான் ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்குக் கிதாரில் புதுத் தந்தி மாட்டிக்கொண்டு போனேன்.

இரண்டு வருடம் நன்றாகத்தான் போனது. கோயில் திருவிழாவில் வாசித்தோம், கல்லூரி ஆண்டு விழாவில் வாசித்தோம். பிறகு அண்ணனின் மூச்சு குறைய ஆரம்பித்தது. முதலில் நீண்ட அடிகளை இரண்டாக வெட்டிப் பாடினார். பிறகு மூன்றாக. பெரிய வெள்ளியன்று முதல் அடியின் நடுவில் இருமல் வந்து, பங்குத்தந்தை ஜெபத்தைத் தொடர வேண்டியதாயிற்று. சூளையில் இன்னும் அதிக நேரம் உட்கார ஆரம்பித்தார்.

சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் இசைக்குழுக்களுக்குப் போட்டி என்று அறிவிப்பு வந்தபோது, டிரம்ஸ்காரனும் நானும் விடுதி மாடியில் பேசி முடிவு செய்தோம். இளையவன் ஒருவனை, எங்கள் ஜூனியரை, பாடச் சேர்த்துக்கொண்டோம். அவன் சுமாராகத்தான் பாடுவான், ஆனால் மூச்சு இருந்தது. அண்ணனிடம் போட்டி தள்ளிப்போய்விட்டது என்று சொன்னேன். அவர், “நல்லதா போச்சி, அதுக்குள்ள சளி சரியாயிடும்” என்றார்.

காலை பஸ்ஸில் போனோம். சேத்தியாத்தோப்பில் வண்டி நின்றபோது டீ குடிக்க இறங்கினோம். டிரம்ஸ்காரன் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, “அண்ணன்கிட்ட சொல்லிட்டே வந்திருக்கலாம்டா” என்றான்.

“ஜெர்மன்காரங்க மட்டும் சொல்லிட்டா செஞ்சாங்க?” என்றேன்.

அவனுக்குப் புரியவில்லை. முதல் பாடகரை விலக்கிய அந்த வரியை நான் யாருக்கும் சொன்னதில்லையே. மிச்ச டீயை நான் கீழே ஊற்றினேன். ஆனாலும் பஸ்ஸில் ஏறினேன்.

இரண்டாம் பரிசு வந்தது. விண்ணப்பத்தில் குழு எப்படித் தொடங்கியது என்று கேட்டிருந்தார்கள். நண்பர்கள் சேர்ந்து தொடங்கியது என்று நானே எழுதிக் கொடுத்திருந்தேன். அதை மேடையில் வாசித்தார்கள். கைதட்டினார்கள். அடுத்த நாள் ஊருக்கே தெரிந்தது, அண்ணனுக்கும்தான். அடுத்த ஞாயிறு அவர் சூளைக்கு வரவில்லை. எனக்குப் பெரிய பாரம் இறங்கியது போல இருந்தது என்பதையும் எழுதிவிட வேண்டும். அவ்வளவு கேவலமாக இருந்தேன்.

நான் படிப்பு முடித்து ஓசூர்ப் பக்கம் வேலைக்குப் போன பிறகு அண்ணன் படுத்துவிட்டதாகச் சேதி வந்தது. காசநோய் என்று ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்களாம். கேட்கவில்லை. பாண்டிச்சேரியில் ஒரு டாக்டர் நெஞ்சுப் படத்தைப் பார்த்துவிட்டு, நோயைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், என்ன வேலை பார்க்கிறார் என்று மட்டும் கேட்டாராம். நான் பார்க்கப் போனபோது அவருடைய அம்மா வாசலிலேயே இதைச் சொல்லிவிட்டு, “வேலைக்குப் போவணும்னு சொன்ன ஊருக்கே இப்ப எக்ஸ்ரே எடுக்கப் போறோம்” என்றார்.

அண்ணன் சுவரில் தலையணையை நிமிர்த்தி வைத்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டும். கை இரண்டும் விறகுக் குச்சியாக இருந்தன. தலைமாட்டில் அந்தப் பிளாஸ்டிக் ஃபைல்.

“தங்கச்சி இப்ப பிளஸ் டூடா. இங்கிலீஷ் நல்லா வருது அவளுக்கு” என்றார். ஒரு வாக்கியத்துக்கு ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்கினார். “சும்மாதான படுத்திருக்கோம்னு படிச்சிக் காட்டச் சொன்னேன்.”

நான் நகர்ந்து அந்த ஃபைலைக் கையில் எடுத்தேன்.

“மொதல்ல பாடினவர மறச்சத உடு. என் மனசு நோவக் கூடாதுன்னு மறச்ச. அது தெரியுது எனுக்கு.” மீண்டும் நிறுத்தினார். “வேலைய உட்டுட்டுப் போனாங்கன்றதயும் ஏன்டா மறச்ச?”

“நீ போயிட்டா பாட ஆள் இல்லண்ணா” என்றேன்.

அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். கோபப்பட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

“அத சொல்லியிருக்கலாம்டா” என்றார். “அத சொல்லியிருந்தாலே நான் இருந்திருப்பேனே.”

பிறகு அவருடைய அம்மா டீ கொண்டுவந்தார். அண்ணன் தங்கையைக் கூப்பிட்டு ஜெர்மன்காரர்களைப் போடச் சொன்னார். சிடி கீறல் விழுந்து அங்கங்கே தாவியது. கண்ணை மூடிக் கேட்டார். உதடு சொற்களோடு அசைந்தது, சத்தம் வரவில்லை. ஒரு நீண்ட அடி வந்தது. அந்தக் காலத்தில் சூளைக்குள் ஒரே மூச்சில் அவர் எடுத்துக் காட்டிய அடி அது. அது முடியும்வரை அவர் கையை உயர்த்திப் பிடித்திருந்தார்.

“நல்லாதான்டா பாடறான் ரெண்டாவது ஆளு” என்றார்.

தவக்காலத்தில் அவர் இறந்தார். அடக்கப் பூசையில் முதல் அடியை எடுக்க யாரும் முன்வரவில்லை. பங்குத்தந்தை என்னைப் பார்த்தார். நான் கிதாரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பாடத் தெரியாது.