பஞ்சுக்கால் அக்காவும் பக்கத்துச் சுவரும்

உள்ளறையிலிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம். பஞ்சுக்கால் அக்கா உள்ளங்கையால் சக்கரத்தை அழுத்திப் பிடித்துத் தையல் மெஷினை நிறுத்தினாள். ஊசி பாதித் துணியில் குத்தியபடி நின்றது. உதட்டில் கவ்வியிருந்த குண்டூசியைக்கூட எடுக்காமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"டம்ளர்தான்" என்றார் உள்ளேயிருந்து கணவர். "கை தவறிடுச்சு. நீ ஓட்டு."

அவள் ஓட்டவில்லை. பக்கத்து வீட்டுக் கதவைத் தீயணைப்புக்காரர்கள் உடைத்த நாளிலிருந்து அவளுக்கு இப்படித்தான். எங்காவது ஏதாவது தட்டுப்பட்டால் போதும். கை தானாகச் சக்கரத்துக்குப் போய்விடுகிறது.

நீளமான வராந்தாவும் இருபுறமும் வீடுகளுமாக இருக்கும் அந்தப் பழைய கட்டடத்தில் இரண்டாம் மாடியில் கடைசிக்கு முந்தின வீடு அவளுடையது. பள்ளிச் சீருடை, மாறிப்போன அளவுகளைப் பிரித்துத் தைப்பது, கோட்டுக்கு உள்துணி வைப்பது என்று எந்த வேலையும் செய்வாள். கழுத்தில் எப்போதும் அளவு நாடா தொங்கும். குளிக்கும்போது கழற்றுவாளா என்று கணவர் கேலி செய்வார். ஆனால் அவளுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது தையல் அல்ல, நடை. அவள் வருவது யாருக்கும் தெரியாது. திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் நிற்பாள். மேல்மாடி வீட்டுக்காரி ஒருமுறை பயந்துபோய்க் கையிலிருந்த வாளியைக் கீழே போட்டுவிட்டு, "என்னக்கா, காலுக்குப் பதிலா பஞ்சு வெச்சுத் தெச்சிருக்கியா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து பஞ்சுக்கால் அக்கா.

அவள் கதவு சாத்துவதை ஒருமுறையாவது பார்க்க வேண்டும். ஒரு கையால் கைப்பிடியைத் திருகிப் பிடித்துக்கொள்வாள். மறு கையின் விரல்களைக் கதவுக்கும் நிலைக்கும் நடுவே கொடுப்பாள். தூங்குகிற குழந்தையை மடியிலிருந்து இறக்கிக் கிடத்துவதுபோல மெல்ல மெல்லச் சேர்த்து, கடைசி நொடியில் விரல்களை உருவிக்கொள்வாள். கதவு சாத்தியது கதவுக்கே தெரியாது.

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த புதிதில், அப்போது பக்கத்தில் இருந்த ஒருவர் வாசலில் நின்று, "இது வீடா, மில்லா?" என்று கத்திவிட்டுப் போனார். மெஷின் சத்தத்துக்காகத்தான். அந்த ஒரு சொல் அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்து நின்றுவிட்டது. 'நம்மால யாருக்கும் ஒரு தொந்தரவு இருக்கக் கூடாது' என்பதை அன்று முதல் விரதம்போல் காத்து வருகிறாள்.

கணவர் பஸ் ஓட்டியவர். வருடக்கணக்காக இன்ஜின் பக்கத்திலேயே உட்கார்ந்து பாதிக் காது போய்விட்டது. "இவ சத்தம் போட மாட்டா, எனக்குச் சத்தம் கேக்காது. எங்க வீட்டுல சண்டை எங்கேர்ந்து வரும்?" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

கடைசி வீட்டுக்குக் குடிவந்தவன் தேய்த்த சட்டையும் பணிவான பேச்சுமாக இருந்தான். கம்ப்யூட்டர் வேலை என்றான். பெரிய பெரிய பெட்டிகள் வந்து இறங்கின. மெஷினெல்லாம் சூடாகும், அதனால் ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும் என்று தானாகவே எல்லாரிடமும் சொல்லி வைத்தான். ஒரு நாள் கை நீளம் குறைக்க ஒரு சட்டையை எடுத்துக்கொண்டு அக்காவிடம் வந்தான்.

"அக்கா, என் தம்பியும் உள்ளே இருக்கான். ராத்திரி வேலை, பகல்லதான் தூங்குவான். உங்க மெஷின் சத்தம் சுவத்துல கேக்குதாம். தட்டுவான். கொஞ்சம் கோவக்காரன். மனசுல வெச்சுக்காதீங்க."

திருடும்போது பிடிபட்டவளைப்போல அக்கா கூசிப்போனாள். "ஐயோ தம்பி, முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

அவன் சொன்னபடியே நடந்தது. அவள் மெஷினை ஓட்டத் தொடங்கியதும் சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து தட்டும் சத்தம் வரும். உடனே நிறுத்திவிடுவாள். நிறுத்தின பிறகும் கொஞ்ச நேரம் தட்டல் வரும். 'எவ்வளவு கோவம் பாரு' என்று நொந்துகொள்வாள். சுவரை ஒட்டி நின்று, "மன்னிச்சுக்கப்பா" என்று தன் வழக்கமான மெல்லிய குரலில் சொன்னதும் உண்டு. சுவருக்கு எங்கே கேட்கப்போகிறது.

மெஷினை அறையின் நடுவுக்கு இழுத்துப் பார்த்தாள். கீழே போர்வையை மடித்துப் போட்டுப் பார்த்தாள். கடைசியில் தையல்காரிக்கே தோன்றுகிற ஒரு யோசனை தோன்றியது. கோட்டுத் தோளுக்குள் வைத்துத் தைப்பதற்காக வாங்கி வைத்திருந்த பஞ்சுப் பட்டைகளை எடுத்து, நாலைந்தாக அடுக்கிச் சேர்த்துத் தைத்து, மெஷினின் இரும்புக் கால்கள் ஒவ்வொன்றின் அடியிலும் வைத்தாள். அதன் பிறகு மெஷின் ஓடுவது பூனை உறுமுவதுபோல ஆகிவிட்டது. சில நாட்களில் தட்டல் நின்றே போனது.

"இப்பதாங்க அந்தப் பிள்ளை நிம்மதியாத் தூங்குது" என்று கணவரிடம் பெருமையாகச் சொன்னாள்.

கட்டடத்தில் வேறு தொல்லைகளும் இருந்தன. பொழுது சாய்ந்தால் எல்லா வீட்டு விளக்கும் அழுது வடியும். இரண்டு வீட்டில் ஃபிரிட்ஜ் புகைந்து போனது. வராந்தாவில் பச்சையாக ஒரு நெடி எந்நேரமும் சுற்றிக்கொண்டிருந்தது. மாடி வீட்டுக்காரியின் சின்னப் பெண் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தலைசுற்றுகிறது என்று படுத்துக்கொள்ளும். அக்காவின் பக்கத்துச் சுவரோ கை வைத்தால் சுட்டது. கருப்பாகப் பூசணம் பூத்து, அதில் சாய்த்து வைத்திருந்த வெள்ளைச் சீருடைத் துணிகள் பாழாயின. எல்லாரும் மின்சார ஆபீஸைத் திட்டினார்கள். கடைசி வீட்டுக்காரனும் கூடவே நின்று, "நானும் கம்ப்ளெய்ண்ட் குடுத்திருக்கேன்" என்று தலையாட்டினான்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த வீட்டுக் கதவிடுக்கு வழியாகப் புகை வந்தது. யார் தட்டியும் திறக்கவில்லை. தீயணைப்புக்காரர்கள் வந்து கதவைத் தூள் தூளாக உடைத்தார்கள்.

அக்கா வாசலிலேயே நின்று பார்த்தாள். அங்கே வீடே இல்லை. ஒரு நாற்காலி இல்லை, ஒரு கட்டில் இல்லை. சுவர் முழுக்க வெள்ளித் தாள். ஜன்னலெல்லாம் பலகை அடித்து மூடியிருந்தது. கூரையிலிருந்து கண்ணைக் குருடாக்கும் விளக்குகள் தொங்க, அதன் கீழே அறை அறையாக மார்பளவு உயரத்துக்குக் கஞ்சாச் செடிகள். வராந்தாவை ஒட்டிய சுவரைக் குடைந்து, மீட்டருக்கு வரும் முன்பே மின்சாரத்தை வெட்டி இழுத்திருந்தார்கள். அந்த வயர்தான் உருகிப் புகைந்தது. இன்னும் சற்று நேரம் போயிருந்தால் மாடியில் தூங்கிக்கொண்டிருந்த அந்தச் சின்னப் பெண் என்ன ஆகியிருப்பாள்?

செடி வைக்காத இடம் அந்த வீட்டில் குளியலறை ஒன்றுதான். அங்கிருந்து ஒரு மனிதரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தம்பி இல்லை. தலை நரைத்த மனிதர். காலில் செருப்பில்லை. எலும்பின்மேல் துணி மாட்டினதுபோல ஒரு உடம்பு. பகல் வெளிச்சம் பட்டதும் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். அந்தக் கைகளை அக்கா பார்த்தாள். விரல் முட்டிகளில் தோல் உரிந்து, காய்ந்து, மறுபடி உரிந்திருந்தது.

அவள் அப்போது அலறவில்லை. வீட்டுக்குள் வந்து, விரல் கொடுத்துக் கதவைச் சாத்திவிட்டு, மெஷின் முன்னால் உட்கார்ந்துகொண்டாள். அன்றைக்கு முழுவதும் ஒரு தையல்கூடப் போடவில்லை.

இன்று காலையில் மாடி வீட்டுக்காரி வந்து, கதவோரம் நின்று குசுகுசுவென்று சொல்லிவிட்டுப் போனாள். "போலீஸ் வீடு வீடா வருதாம்க்கா. யாருக்கும் ஒண்ணும் தெரியாது, ஒண்ணும் கேக்கல. எல்லாரும் ஒரே மாதிரி சொல்லிடுவோம். அவனோட ஆளுங்க இன்னும் வெளியிலதான் சுத்துறானுங்களாம். எனக்குப் பொட்டப்புள்ள இருக்கு."

கணவரும் அதையே பிடித்துக்கொண்டார். "நீயும் கேக்கலன்னு சொல்லிடு. ஒரு வீட்டுல ரெண்டு செவிடு இருக்கக் கூடாதுன்னு சட்டமா?" சிரிக்க வைக்கத்தான் சொன்னார். அவருக்கே சிரிப்பு வரவில்லை.

டம்ளரை எடுத்து வைத்துவிட்டு அவர் முன்னறைக்கு வரவும் அழைப்பு மணி அடிக்கவும் சரியாக இருந்தது. வந்தவர் பெண் இன்ஸ்பெக்டர். சின்ன வயசு. காட்டிய நாற்காலியில் உட்காராமல் அந்தப் பூசணச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நேரா விஷயத்துக்கு வர்றேன்மா. வீட்டை வாடகைக்கு எடுத்தவன் மாட்டிட்டான். ஆனா, 'உள்ளே இருந்தவன்தான் என் கூட்டாளி, எல்லாம் அவன் வளர்த்தது, நெனச்சப்ப வருவான் போவான்'னு சொல்றான். அந்தப் பெரியவர், தோட்ட வேலைன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்து வெளிய பூட்டு போட்டுட்டாங்கன்னு சொல்றார். கதவுக்குள்ளயே பதிச்ச பூட்டு, கதவோட தூளாப் போச்சு, வெளியிலேர்ந்து பூட்டிக் கிடந்ததுக்குச் சாட்சி இல்ல. யாராவது ஒருத்தர் அவர் பேச்சை உறுதி பண்ணலன்னா, அவர் ஆஸ்பத்திரிலேர்ந்து நேரா ஜெயிலுக்குத்தான் போவார்."

"இவளுக்கு ஒண்ணும் தெரியாது மேடம்" என்றார் கணவர் அவசரமாக.

இன்ஸ்பெக்டர் அக்காவையே பார்த்தார். "அவர் சொன்னதை அப்படியே சொல்றேன். 'பக்கத்துல தையல் மெஷின் ஓடுற சத்தம் கேக்கும். ஆள் இருக்காங்கன்னு தெம்பு வரும். கை வலிக்க வலிக்கத் தட்டுவேன். நான் தட்டினதும் மெஷின் நிக்கும். கேட்டுடுச்சு, வந்துடுவாங்கன்னு உக்காந்திருப்பேன். யாரும் வரல. அப்புறம் மெஷின் சத்தமே இல்லாமப் போச்சு. அவங்க வீட்டைக் காலி பண்ணிட்டாங்கன்னு நெனச்சேன். அதுக்கப்புறம் நான் தட்டல.'"

அக்கா உதட்டிலிருந்த குண்டூசியை எடுத்துத் துணியில் குத்தினாள். கண்ணில் நீர் வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் ஆறியிருப்பாள். நாற்காலியைத் தள்ளிவிட்டு மெஷினின் அருகில் மண்டியிட்டாள்.

"ஏங்க, இந்தப் பக்கம் கொஞ்சம் தூக்குங்க."

கணவர் அசையவில்லை. அவளைப் பார்த்தார், இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். திறந்திருந்த கதவுக்கு வெளியே வராந்தாவைப் பார்த்தார். பிறகு மெல்லக் குனிந்து மெஷினைத் தூக்கிப் பிடித்தார். அக்கா பஞ்சுப் பட்டைகளை ஒவ்வொன்றாக உருவினாள். இரும்புக் கால் அழுந்திய வட்டம் ஒவ்வொன்றிலும் குழியாகப் பதிந்திருந்தது.

"அவர் தட்டினது எனக்குக் கேட்டுச்சும்மா. மெஷின் ஓட்டும்போதெல்லாம் கேட்டுச்சு. தம்பி தூங்குறான், சத்தம் போடாதீங்கன்னு அந்தப் பாவி சொன்னான். நான் நம்பிட்டேன். அவருக்குக் கேக்கக் கூடாதுன்னு நான்தான் இதை வெச்சேன்." பட்டைகளை நீட்டினாள். "எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்."

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா? கோர்ட்ல அவன் எதிர்ல நின்னு சொல்லணும்."

பதில் கணவரிடமிருந்து வந்தது. "எனக்குத்தான் மேடம் காது கேக்காது. இவளுக்கு எறும்பு நடந்தாக்கூடக் கேக்கும். எழுதிக்கோங்க."

இன்ஸ்பெக்டர் எழுதி முடித்து, பட்டைகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு, "வர்றேன்மா" என்று கிளம்பினார். அக்கா வாசல்வரை கூடவே வந்தாள். வராந்தாவில் எல்லாக் கதவுகளும் ஒரு விரற்கடை திறந்திருந்தன. மாடிப்படியில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி மாடி வீட்டுக்காரி நின்றிருந்தாள். அக்காவைப் பார்த்து, 'சொல்லிட்டியா' என்பதுபோல் கண்ணால் கேட்டாள்.

இன்ஸ்பெக்டரின் காலடி கீழே இறங்கித் தேய்ந்தது. அக்காவின் கை பழக்கத்தில் கைப்பிடியைத் திருகியது. மறு கை விரல்கள் கதவுக்கும் நிலைக்கும் நடுவே போயின. ஒரு கணம் அங்கேயே நின்றன.

விரல்களை வெளியே எடுத்தாள். ஓங்கி அறைந்து சாத்தினாள். கடைசி வீடுவரை கேட்டது.