அப்பாவுக்காகக் கட்டிய இரட்டை வள்ளம்

சில வருடங்களுக்கு முன்பு, நல்ல மழை பெய்த ஒரு கார்த்திகை மாதம். கொடைரோட்டுக்குப் பக்கத்தில் என் நாத்தனார் வீட்டுத் தென்னந்தோப்பை ஒட்டி ஒரு குளம் இருக்கிறது. அங்கேதான் இது நடந்தது.

நான் திண்டுக்கல் நாகல் நகரில் வாழ்க்கைப்பட்டவள். பிறந்தது தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர். அப்பா கடல் தொழில் செய்தவர். அம்மா இறந்து, அடுத்தாற்போல அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துபோன பிறகு, அவரை எங்களோடு அழைத்து வந்துவிட்டோம். என் கணவர் கேட், கிரில் செய்யும் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். மாமனாரை அவர் ஒரு குறையும் இல்லாமல் பார்த்துக்கொண்டார். அதைச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

ஆனால் அப்பாவுக்குத் திண்டுக்கல் ஒட்டவே இல்லை. காலையில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்ததும், "இது என்ன காத்து பிள்ள, கொண்டலா கச்சானா?" என்று கேட்பார். கீழ்க்காற்றுக்கும் மேல்காற்றுக்கும் எங்கள் கரையில் வழங்கும் பெயர்கள். நாகல் நகரில் காற்று எந்தப் பக்கமிருந்து வந்தால் யாருக்கு என்ன? "ஃபேன் காத்துப்பா" என்பேன். சிரிப்பார். பிறகு பிசைந்த சோற்றை அப்படியே வைத்துக்கொண்டு எங்கேயோ பார்த்திருப்பார். அது என்னால் தாங்க முடியாது. ஒருநாள், ஊருக்குக் கூட்டிப்போய்க் கடலைக் காட்டட்டுமா என்று கேட்டேன்.

"பாக்கதுக்கா? கடலைப் பாக்கதுக்கு என்ன இருக்கு. அது மேலல்லா இருக்கணும்" என்றார்.

அந்தச் சமயத்தில் என் கணவர் வெளியூரில் ஒரு தங்கும் விடுதிக்கு கேட் மாட்டப் போனார். அங்கே சுவரோரம் இரண்டு ஃபைபர் படகுகள் குப்பையோடு குப்பையாகக் கிடந்திருக்கின்றன. ஒரு ஆள் மட்டும் உட்கார்ந்து துடுப்புப் போடும் ஒடுக்கமான படகுகள். இடத்தை அடைக்கிறது, எடுத்துட்டுப் போங்க என்று விடுதிக்காரர் சொல்ல, இவரும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். தெருவே கூடிவிட்டது. எதிர்வீட்டு பாய், "என்னா தம்பி, திண்டுக்கல்லுக்கு ஹார்பர் வரப்போகுதா?" என்று கேட்டார்.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. நாற்காலியை வள்ளத்துக்குப் பக்கத்தில் போடச் சொன்னார். வலது கையால் அதன் விளிம்பைத் தடவிக்கொண்டே, "ஒத்தையில நான் ஏறினா எடப்பக்கம் கவுந்துரும் மாப்ள. ரெண்டையும் சேத்துக் கட்டுங்க" என்றார்.

கட்டுங்க என்ற வார்த்தைதான் வினை. கடற்கரைக்காரருக்குக் கட்டுவது என்றால் கயிறு. வெல்டிங் பட்டறைக்காரருக்குக் கட்டுவது என்றால் கட்டடம். இவர் ஒரு வாரம் பட்டறையில் வேறு வேலையே பார்க்காமல், கனத்த ஆங்கிள் இரும்பில் சட்டம் அடித்து, படகுகளில் ஓட்டை போட்டு, போல்ட் முறுக்கி, ரெட் ஆக்சைடும் பூசிவிட்டார். போதாக்குறைக்கு ஒரு சங்கிலியும் பூட்டும் வேறு. திண்டுக்கல்காரர் பூட்டில்லாமல் ஒரு வேலையை முடிப்பாரா?

தோப்புக்குக் கொண்டுபோய் ஆள் கூட்டித் தூக்கிக் குளத்தில் இறக்கினோம். யாரும் ஏறும் முன்பே இரண்டு படகும் விளிம்பு வரைக்கும் அமுங்கிவிட்டன. போல்ட் ஓட்டை வழியாகத் தண்ணீர் குபுகுபுவென்று வந்தது.

"இது கோட்டை வாசலுக்கு மாட்டுத கேட்டுல்லா மாப்ள" என்றார் அப்பா.

"நீங்கதான மாமா கட்டச் சொன்னீக. அம்புட்டு வேலையும் போட்டுட்டு ராப்பகலாக் கட்டிருக்கேன்."

"நான் கயித்தால கட்டச் சொன்னேன்யா."

இவர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு அன்றைக்குச் சாப்பிடவில்லை. எனக்கோ இரண்டு பேரையும் நாலு சாத்து சாத்தலாம் போல இருந்தது. ஆனால் மறுநாள் காலையில் பார்க்கிறேன், இவரே இரும்புச் சட்டத்தைக் கழற்றிப் போட்டு ஓட்டைகளை அடைத்துக்கொண்டிருக்கிறார். பிறகு சவுக்குக் கம்புகளும் நைலான் கயிறும் வந்தன. இரண்டு வள்ளத்துக்கும் குறுக்கே கம்புகளைக் கிடத்தி, அடிவயிற்றோடு சேர்த்துச் சுற்றிச் சுற்றிக் கட்டினார்கள். இவர் இழுத்துப் பிடிக்க, அப்பா ஒற்றைக் கையாலும் பல்லாலும் முடிச்சுப் போட்டார். அன்றைக்கு அப்பா இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து நேரே குளத்துக்குப் போனோம். வலது வள்ளத்தில் அப்பா, இடதில் என் கணவர் என்பது ஏற்பாடு. அப்பாவைத் தூக்கி உட்கார வைத்தாயிற்று. அடுத்து இவர் இடுப்பில் லாரி டியூபை மாட்டிக்கொண்டு ஒரு காலை வைத்தார். வள்ளம் லேசாக அசைந்தது. அவ்வளவுதான், காலை எடுத்துவிட்டார். நீச்சல் தெரியாத மனிதர். இன்னொரு தடவை முயன்றும் முடியவில்லை.

"நான் வரல மாமா. காலு நடுங்குது" என்றார். எங்களோடு வந்தவர்கள் வேறு யாருக்கும் துடுப்புப் பிடிக்கத் தெரியாது. அப்பா ஒற்றைக் கையோடு தனியாகப் போக முடியாது. கரையை ஒட்டி நின்ற வள்ளத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தார். இவ்வளவு தூரம் வந்து திரும்பிப் போனால் இனி அவர் வாயைத் திறந்து எதையும் கேட்கமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

நான் அவருடைய துண்டை வைத்துக்கொண்டு கரையில் நின்றேன். எனக்கு ஏறத் தோன்றவே இல்லை. எங்கள் ஊரில் பொம்பளைகள் வலையைத் தாண்டக்கூடாது, கட்டுமரத்தில் கால் வைக்கக்கூடாது. அம்மாவும் நானும் மணலில் நிற்போம், அப்பா போவார். சின்னப் பிள்ளையில் ஒருநாள் நானும் வாரேன் என்று அழுதேன். கரையே சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அந்த ஏக்கம் உள்ளுக்குள்ளேயே கிடந்தது. கடலில் பாடுபட்டவரின் மகள், ஐம்பது வயதைத் தாண்டியும் ஒரு வள்ளத்தில் ஏறியதில்லை.

அப்பா என்னையே பார்த்தார்.

"நீ ஏறு பிள்ள."

"நானாப்பா?"

"வேற யாரு. ஏறு."

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அந்த டியூபை வாங்கி மாட்டிக்கொண்டு ஏறினேன். கயிறு கிறீச்சென்றது, ஆனால் பிடித்துக்கொண்டது. நான் வெறி பிடித்தவள் மாதிரி துடுப்புப் போட்டதில் வள்ளம் முன்னால் போகாமல் வட்டமடித்தது. "ஒன் வேகத்துக்குப் போடாத, என் வேகத்துக்குப் போடு" என்றார். அப்படியே போட்டேன். நேராகப் போனது.

நடுக்குளத்தில் அப்பா துடுப்பை மடியில் வைத்தார். வீட்டில் எப்போதும் இடப்பக்கம் சாய்ந்தே இருக்கும் மனிதர், நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்காக அழுதேனா எனக்காகவா, தெரியவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கரையைத் திரும்பிப் பார்த்தேன். என் கணவர் நெற்றியில் கையை வைத்து எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். முகம் தெரியவில்லை. பெரிய ஆகிருதி அவருக்கு, அங்கிருந்து விரல் அளவுதான் இருந்தார்.

"கரையில நிக்கிறவங்க இம்புட்டுச் சின்னதாவா தெரிவாங்கப்பா?" என்றேன்.

"ஒங்கம்மாவும் இம்புட்டுத்தான் தெரிவா" என்றார் அப்பா. "மறையுத வரைக்கும் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டேதான் போவேன்."

நான் துடுப்பை மடியில் போட்டுவிட்டேன். அம்மா தினமும் அப்படி நின்றுவிட்டு வீட்டுக்கு நடக்கும்போது, அவரு எங்க திரும்பிப் பாக்கப் போறாரு என்று என்னிடம்தான் சொல்லிக்கொண்டே வருவாள். சலிப்பாகச் சொல்வாள், மறுநாளும் போய் நிற்பாள். அவளிடம் இதைச் சொன்னீர்களா என்று அப்பாவைக் கேட்டேன். இதையெல்லாம் போய் யார் சொல்லுவா என்றார்.

குளம் வற்றும் வரை இன்னும் சில ஞாயிறுகள் போனோம். அடுத்த மழைக்கு அப்பா இல்லை. அவருக்குக் கடலைக் கொடுக்க முடியவில்லையே, ஒரு குளத்தைத்தானே கொடுத்தோம் என்று என் கணவர் சில சமயம் வருத்தப்படுவார். எனக்கு அந்த வருத்தம் இல்லை. அவர் திரும்பிப் பார்த்துக்கொண்டுதாம்மா போனார் என்று அம்மாவிடம் சொல்ல முடியாமல் போனதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.