கொலுக்குளத்தில் ஒன்பது வெள்ளை மீன்கள்

மீன் சமைத்தறியாத எங்கள் வீட்டில் இருநூற்றுச் சொச்சம் மீன்கள் இருக்கின்றன. எல்லாம் பொய்மீன். தூண்டில் நரம்பில் கட்டித் தண்ணீரில் இழுத்தால் நிஜ மீன் ஏமாந்து வந்து கவ்வும். கட்டையிலும் தகரத்திலும் செய்து வண்ணம் பூசிய பழங்காலத்துச் சாமான். ஆங்கிலத்தில் லூர் என்பார்கள். புனே சாங்வியில் எங்கள் ஃப்ளாட்டின் ஷோகேஸ், புத்தக அலமாரி, போதாக்குறைக்கு என் புடவை பீரோவின் கீழ்த்தட்டு என்று எல்லா இடத்தையும் இவை பிடித்துக்கொண்டுவிட்டன. இத்தனைக்கும் என் கணவர் வாழ்நாளில் ஒரு தடவைகூடத் தூண்டில் போட்டதில்லை. பவனா ஆற்றங்கரையில் வாக்கிங் போவார், அதோடு சரி.

சாகணில் ஒரு கார் கம்பெனியின் டூல் ரூமில் இருந்தவர். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் விற்கும் ஜூனா பஜாரில் ஸ்பேனர் தேடப் போனவர் துருப்பிடித்த பிஸ்கட் டப்பா ஒன்றோடு வந்தார். உள்ளே ஆறு பொய்மீன்கள். "இந்த வால் மூட்டைப் பாரேன், எவ்வளவு நுணுக்கமாப் பண்ணியிருக்கான்!" என்று வாலை ஆட்டி ஆட்டிக் காட்டினார். ஆறு மீனோடு போயிற்று என்று சும்மா இருந்தேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

இந்தப் பைத்தியத்தில் நிறம்தான் முக்கியமாம். ஒரே அச்சு, ஒரே நீளம், ஒரே கண்ணாடிக் கண். ஒன்று பச்சை முதுகும் சிவப்பு வயிறுமாக இருக்கும், இன்னொன்றில் அதுவே மாறியிருக்கும். எந்த நிறம் அதிகம் வந்தது, எது அபூர்வம் என்று சேகரிப்பவர்கள் மண்டையை உடைத்துக்கொள்வார்கள்.

இதில் கொடுமை என்னவென்றால், என் கணவருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்று. பிறவியிலேயே அப்படி. பழுத்த தக்காளியா காயா என்று அமுக்கிப் பார்த்துத்தான் வாங்குவார். மஞ்சளிலும் நீலத்திலும் மட்டும் அவரை அசைக்க முடியாது. சந்தன நிறத்துக்கும் எலுமிச்சை மஞ்சளுக்கும் வித்தியாசத்தைத் தூரத்தில் இருந்தே சொல்லிவிடுவார்.

இது எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். ஆனால் கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷமாக நாங்கள் இதைப் பேசியதே இல்லை. தலை தீபாவளிக்கு, "உனக்குப் பிடிச்ச இலைப்பச்சை" என்று பாக்கு நிறத்தில் ஒரு புடவை வாங்கி வந்தார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து, "ரொம்ப நல்லாருக்குங்க" என்று வாங்கிக் கட்டிக்கொண்டேன். பிறகு அவருடைய அக்கா சொல்லித்தான் தெரிந்தது. ரயில்வே வேலைக்குப் பரீட்சை பாஸ் செய்து, கண் பரிசோதனையில் தள்ளிவிட்டார்களாம். அவர் அப்பா தெருவில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "கண்ணு நொள்ளையாப் பொறந்துட்டான்" என்று சொல்லி மகனின் மானத்தை வாங்கியிருக்கிறார். அதற்குப் பிறகு யாராவது கண்டுபிடித்துச் சிரித்துவிடுவார்களோ என்ற பயம் இந்த மனுஷனை விடவே இல்லை.

ஆக, கண் நான், கை அவர். கையில் ஒரு பொய்மீனை வைத்துக்கொண்டு, "ம்... இது வந்து..." என்று இழுப்பார். என்ன நிறம் என்று கேட்டால் கௌரவம் போய்விடும் அல்லவா? நான் அடுப்படியில் நின்றபடியே ஒரு பார்வை பார்த்து, "முதுகு மயில்கழுத்து, வயிறு அரக்கு" என்பேன். "அதான் நானும் நெனச்சேன்" என்று நோட்டில் எழுதிக்கொள்வார். என் அப்பா திருச்சியில் ஜவுளிக்கடையில் காலம் பூராவும் புடவை மடித்தவர். மாந்துளிர், வாடாமல்லி, கத்தரிப்பூ, வெங்காயத்தோல் என்று நிறம் சொல்வதில் யாரும் என் கிட்டே வர முடியாது. அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு. சேகரிப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் இவருக்குக் கலர் மாஸ்டர் என்றே பெயர். யார் எதை வாங்கினாலும் படம் போட்டு, "சார் சொல்லட்டும்" என்று காத்திருப்பார்கள். சார் போனைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு வருவார்.

இந்த வருஷம் அவர் என்னிடம், "கண்ணாடியை மாத்தேன், டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டேன்" என்று மூன்று தடவை சொன்னார். "என் கண்ணுக்கு என்ன? இந்த டியூப்லைட்தான் அழுது வடியுது, மொதல்ல அதை மாத்துங்க" என்று எரிந்து விழுந்தேன். மறுநாளே மாற்றினார். புதுசும் மங்கலாகவே எரிந்தது. மட்டமான சரக்கு என்று கடைக்காரரை ஒரு பாடு திட்டித் தீர்த்தேன்.

நவராத்திரி வந்தது. இங்கே ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நிறம் உண்டு. திங்கள் வெள்ளை, செவ்வாய் சிவப்பு, வியாழன் மஞ்சள் என்று பேப்பரிலேயே போட்டுவிடுவார்கள். பேங்க், பஸ், காய்கறி மார்க்கெட் எங்கே பார்த்தாலும் பெண்கள் அன்றைக்கு அந்த நிறத்தில்தான். நானோ கொலு வைக்கிறவள். படிக்குக் கீழே வருஷா வருஷம் கண்ணாடியில் ஒரு குளம் செய்து பிளாஸ்டிக் வாத்து விடுவேன். இந்த வருஷம் எனக்கொரு யோசனை வந்தது. வாத்தை எடுத்துவிட்டு, அந்தந்த நாளின் நிறத்தில் ஒன்பது பொய்மீன்களைக் குளத்தில் விட்டால் என்ன? சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. வருகிற குழந்தைகளின் கையில் குத்தக்கூடாது என்று ஒவ்வொரு கொக்கி முனைக்கும் சைக்கிள் வால்வ் ட்யூபை வெட்டி மாட்டினார்.

முதல் நாள் திங்கட்கிழமை. காலையில் டப்பாக்களைத் திறந்து ஒன்பது வெள்ளையைப் பொறுக்கி வைத்தேன். அவர் இரண்டைக் கையில் எடுத்து என் முகத்தைப் பார்த்தார். "இது... சரிதானே?"

"இத்தனை வருஷமா நான் சொல்லி நீங்க எழுதுறீங்க. இன்னிக்கு என்ன புதுசாச் சந்தேகம்?" என்று வெடுக்கென்று கேட்டேன். எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, சுண்டலுக்குத் தேங்காய் துருவப் போய்விட்டார்.

சாயங்காலம் எதிர் ஃப்ளாட்டு மராத்திக்காரப் பெண் வெள்ளைச் சேலையில் வந்து, "காக்கூ, கித்தி சுந்தர்!", மாமி, எவ்வளவு அழகு என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். மகர்பட்டாவில் இருந்து இவர் குழுவைச் சேர்ந்த ஒரு கோயம்புத்தூர்ப் பையனும் அவன் மனைவியும் வந்தார்கள். ஐடியில் வேலை. இவர் மேல் அவ்வளவு மரியாதை அவனுக்கு. குளத்தின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டான்.

"சார், இதை எடுத்துப் பாக்கலாங்களா?"

ஜன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வாயருகே இருக்கும் தகட்டுக்கு அடியில் வெயில் படாது, அங்கேதான் அசல் நிறம் இருக்கும். அதையும் பார்த்தான்.

"ஏனுங்க சார், இது வெள்ளை இல்லீங்களே. வார்னிஷ்தான் பழசாகி மஞ்சளாயிருச்சோன்னு நெனச்சேன். அடியிலயும் மஞ்சள்தானுங்க. போன மாசம் குரூப்ல இதைத்தானே வெள்ளைன்னு போட்டீங்க?"

அவன் மனைவி குனிந்தாள். "அதுவும் மஞ்சள்தாங்க. அந்த ஓரத்துல இருக்கறதும்." எதிர் ஃப்ளாட்டுப் பெண்ணும் எட்டிப் பார்த்து, "ஹோ, பிவ்ளாச் ஆஹே" என்றாள். மஞ்சளேதான் என்று அர்த்தம்.

நான் பார்த்தேன். குனிந்து பார்த்தேன். எனக்கு ஒன்பதும் ஒன்றாகவே தெரிந்தன. ஜவுளிக்கடைக்காரர் மகள், வெள்ளையும் மஞ்சளும் தெரியாமல் நாலு பேர் முன்னால் நிற்கிறேன். குங்குமச் சிமிழைப் பிடித்திருந்த கை நடுங்கியது. "வெள்ளைதான், நல்லாப் பாருங்க!" என்று சண்டைக்குப் போக வாயைத் திறந்துவிட்டேன்.

அதற்குள் அவர் முன்னால் வந்தார்.

"என் தப்புப்பா. எனக்குக் கலர் தெரியாது. கலர் பிளைண்ட். பொறந்ததுல இருந்தே அப்படித்தான். நம்ம குரூப்ல போடறதெல்லாம் இவ பாத்துச் சொல்றது. போன மாசம் இவளைக் கேக்காம நானாப் போட்டேன். இன்னிக்கும் நானா எடுத்து வச்சிட்டேன்." எதிர் ஃப்ளாட்டுப் பெண்ணுக்காக இந்தியிலும் சொன்னார். "முஜே கலர் நஹீ சமஜ்தா."

யாரும் சிரிக்கவில்லை. "அரே அங்கிள், என் தம்பிக்கும் இப்படித்தான்" என்றாள் அவள். பையன்தான் பதறிப்போனான். "சாரிங்க சார், நான் பாட்டுக்கு வாய் விட்டுட்டேன்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டான். ஐந்தே நிமிஷத்தில் பேச்சு சுண்டலுக்கும் மகர்பட்டா டிராஃபிக்குக்கும் போய்விட்டது. வாழ்நாள் பூராவும் எதற்குப் பயந்து செத்தாரோ, அது அவ்வளவுதான்.

எல்லோருக்கும் வெற்றிலை பாக்குக் கொடுத்து அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். அவர் குளத்தருகே உட்கார்ந்து அந்த மூன்றையும் தனியாக எடுத்துக்கொண்டிருந்தார்.

"மஞ்சள் உங்களுக்கு நல்லாத் தெரியுமே" என்றேன்.

"தெரியும்."

"காலையிலேயே தெரிஞ்சுதா?"

"ஆறு மாசமாவே தெரியுது" என்றார், தலையைத் தூக்காமல். "நீ வெள்ளைன்னு சொன்னதுல சிலது வெள்ளை இல்லை."

"வாயில கொழுக்கட்டையா? சொல்ல வேண்டியதுதானே!"

"சொன்னேனே, டாக்டர்கிட்ட காட்டுன்னு. நீதான் டியூப்லைட்டை மாத்தச் சொன்ன."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அழுகைதான் ஜெயித்தது. கொலுப்படிக்கு முன்னால் கால் நீட்டி உட்கார்ந்து விசும்பி விசும்பி அழுதேன். "எதுக்குங்க அப்படிச் சொன்னீங்க? நான் அவமானப்பட்டாப் பட்டுட்டுப் போறேன்."

"நீ நடுங்குன" என்றார்.

நோட்டை எடுத்து வரச் சொன்னேன். இந்த ஆறு மாசத்துப் பக்கங்களில் நான் சொன்னதெல்லாம் சொன்னபடியே பேனாவில் இருந்தது. சிலவற்றின் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. எண்ணிப் பார்க்க மனசு வரவில்லை, மூடிவிட்டேன். புதன்கிழமைக்கு டாக்டரிடம் நேரம் வாங்கினார். இரண்டு கண்ணிலும் புரை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதற்கு முன்னால் செவ்வாய்க்கிழமை காலை. அன்றைக்குச் சிவப்பு. அடுப்பில் பால் வைத்திருந்தேன். வழக்கம்போல அடுப்படி வாசலில் வந்து நின்றார், கைக்கு ஒன்றாக இரண்டு பொய்மீன்கள். "ம்... இது வந்து..." என்று இழுப்பார் என்று காத்திருந்தேன். இழுக்கவில்லை.

"இதுல எது சிவப்பு? எனக்குத் தெரியல" என்றார்.

நான் அடுப்பை அணைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு இரண்டையும் வாங்கினேன்.

"பால்கனிக்கு வாங்க. வெயில்ல வச்சு நல்லாப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன்.